தாத்தாவுக்கு ஒரு டிக்

இனியாவுக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. பாதுகாப்புச் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. அதற்கான விண்ணப்பப் பாரத்தில் சொந்தக்காரர்களின் பிறந்த தேதியெல்லாம் கேட்டிருந்ததால், அந்தப் பகுதியை அப்பா சேதுபதியிடம் விட்டுவிட்டு அவள் வெளியே போனாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே பெரிய தவறு அதுதான்.

'உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும், எக்காலத்திலேனும், தீவிரவாத இயக்கத்தோடு தொடர்பு இருந்ததுண்டா?'

நாட்டில் எல்லோரும் படிக்காமலேயே 'இல்லை' என்று டிக் அடிக்கும் கேள்வி. சேதுபதி படித்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மார்சிலிங் வட்டாரத் தமிழ்ப் பண்பாட்டு மன்றத்தின் பதினோராண்டுத் தலைவர். மன்றத்தில் உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் துணைத்தலைவர்கள். தன் தாத்தா இராமசாமியைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவரிடம், கடைசியில் அரசாங்கமே கேட்டுவிட்டது.

'ஆம்' என்று டிக் அடித்தார். ஐந்நூறு எழுத்துக்குள் விவரம் தரச் சொல்லியிருந்தார்கள். ஐந்நூறு எழுத்தில் சேதுபதி வணக்கம்கூடச் சொன்னதில்லை. மன்றத்தின் விழா மலரில் தான் எழுதிய கட்டுரையை, பதினாறு பக்கம், படத்தோடு இணைத்து அனுப்பினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி ஒருவர் சேதுபதியிடம் தொலைபேசியில் பேசுவார். அதற்குப் பிறகுதான் இனியா பாரத்தைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா! கொள்ளுத்தாத்தாவை டெரரிஸ்ட்னு எழுதியிருக்கீங்க!"

"நான் எழுதலம்மா. வெள்ளைக்காரன் எழுதினான். நான் மேற்கோள் காட்டினேன்."

"எனக்கு வேலை போயிடும்பா."

சேதுபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாரத்தை மறுபடி படித்தார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே மகளை அழைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் நூருல் அமீனின் பெட்டிக்கடைக்கு, அதாவது ஊருக்குப் போகிறவர்கள் சூட்கேஸ் வாங்கும் கடைக்கு, வந்து சேர்ந்தார். அமீன் முப்பது வருஷப் பழக்கம். கதையைக் கேட்டதும் ஒரு பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரித்தார்.

"வாத்தியாரே, என் மக நஸீஹா இதே மாதிரி பாரம் போட்டப்ப, என் மச்சான் ரமீஸ் உம்ரா யாத்திரை போன தேதியைக்கூட மூணு தடவை சரிபார்த்தோம். யாரும் கேக்கல லா. நாங்களா பயந்து பார்த்தோம். நீங்க என்னடான்னா தேடிப் போய் டிக் அடிச்சிருக்கீங்க!"

"பாய், சரித்திரத்தை மறைக்கச் சொல்றீங்களா?"

"எந்தச் சரித்திரம்? ஒழுங்கா சொல்லுங்க, கேப்போம்."

சேதுபதி விரல் மடக்கினார். ரப்பர் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றபோது தாத்தா 'ஆபத்தான கிளர்ச்சிக்காரர்'. ஜப்பான்காரன் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததும் 'மாவீரர்'. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் 'துரோகி'. அதே வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசர காலத்தில், காட்டிலிருந்து வந்த இரண்டு பேருக்குச் சோறு போட்டதால், 'பயங்கரவாதிகளின் கூட்டாளி'. கடைசியில் இந்தியாவிலிருந்து தாமிரப் பட்டயம் வந்தது: 'தியாகி'.

"இத்தனைக்கும் நடுவுல மனுஷன் என்னதான் செஞ்சாரு?" என்று அமீன் கேட்பதற்குள் தொலைபேசி அடித்தது. இனியா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"வணக்கம் அங்கிள், என் பேர் ஆரிஃப். தமிழ்லயே பேசலாம். உங்க தாத்தா இப்ப எங்க இருக்கார்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சுலயே காலமாயிட்டார்."

"ஓகே. 'எங்கள் குடும்பத்தில் இன்றும் அதே ரத்தம் கொதிக்கிறது'ன்னு ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. யாருக்குக் கொதிக்குது?"

"எனக்குத்தான். பிரஷர். மாத்திரை சாப்பிடுறேன்."

அமீன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"பதினொண்ணாம் பக்கம். 'குளுவாங் ரயில் பாலத்தைத் தன் கையால் தகர்த்தார்.' இது உண்மையா அங்கிள்? உங்க டாட்டரோட ஃபைல்ல நான் ஒண்ணு எழுதணும்."

சேதுபதி மகளைப் பார்த்தார். அவள் ஒரு சூட்கேஸின் பிடியை இழுப்பதும் அமுக்குவதுமாக இருந்தாள். சின்ன வயதில் பரீட்சை முடிவு வருகிற நாளில் கதவுக் கொண்டியை அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருப்பாள்.

"இல்ல தம்பி," என்றார். "பாலம் இன்னமும் இருக்கு. பக்கத்துல ராணுவ முகாம் இருந்தது. தாத்தா அங்க... சமையல்."

"சமையலா?"

"முந்நூறு பேருக்கு. முதல் வருஷ விழாவுல அப்படித்தான் சொன்னேன். யாரும் கை தட்டல. அடுத்த வருஷம் பாலத்துக்குக் காவல் நின்னார்னு சொன்னேன். அப்புறம் வருஷா வருஷம்... போன வருஷம் வெடிச்சிடுச்சு."

மறுமுனையில் இருமல் மாதிரி ஒன்று கேட்டது.

"அந்தக் காட்டு ஆளுங்களுக்குச் சோறு போட்டது?"

"அது நிஜம். அவர் எல்லாருக்கும் போடுவார். தேடி வந்த போலீசுக்கும் போட்டார். ரெண்டு தரப்புமே உப்பு கூடன்னு சொன்னதா எங்க அப்பா சொல்வார்."

"தேங்க்யூ அங்கிள். அடுத்த தடவை 'இல்லை'ன்னு போட்டுடுங்க."

பத்து நாள் கழித்து இனியா வேலைக் கடிதத்தோடு கடைக்கே வந்தாள். அமீன் தேநீர் சொன்னார். சேதுபதி கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தாத்தாவைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?"

"போன்ல கேட்டேன்பா. 'கவனிக்க ஒன்றுமில்லை'ன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்களாம்."

"ஒன்றுமில்லையா?" சேதுபதியின் முகம் சுருங்கியது. "வெள்ளைக்காரன் அவருக்காக ஆள் போட்டுத் தேடினான்! தாமிரப் பட்டயம் வாங்கினவர்! இதுக்கு மேல்முறையீடு இருக்கா?"

"அப்பா!"

"வாத்தியாரே," என்றார் அமீன், தேநீரை அவர் கையில் திணித்து. "வேண்டாம்னா அதை எனக்கு எழுதித் தரச் சொல்லுங்க. 'நூருல் அமீன், கவனிக்க ஒன்றுமில்லை.' பிரேம் போட்டு இங்கயே மாட்டிக்கிறேன். பாஸ்போர்ட் எடுக்கிறப்பல்லாம் கூடவே கொண்டு போவேன்."

சேதுபதி சிரிக்கவில்லை. தேநீரை ஆற்றி ஆற்றி, முழுவதையும் குடித்து முடித்த பிறகு கேட்டார்:

"பாய், முந்நூறு பேருக்குச் சமைக்கிறது லேசான காரியமா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப இந்த வருஷ மலர்ல அதையே போடலாம்," என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஐந்நூறு பேர்னு போடலாமா?"