மாவுப் பக்கங்கள்

துளைக்கும் எந்திரத்தின் கம்ப்ரசரை முடுக்குவதற்குள் நாற்பத்தொரு பேரையும் ஊதவைத்துவிட வேண்டும். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. மேலூரைத் தாண்டிய அந்தக் கல்குவாரியின் விளிம்பில், முத்துமீனா மூச்சின் பலத்தை அளக்கும் பிளாஸ்டிக் குழாயை நீட்டினாள். இருளாயி கடப்பாரையைப் பாறையில் சாத்திவிட்டு, மூச்சை இழுத்து ஊதினாள். குழாயின் முள் பாதிகூட ஏறவில்லை.

"போன மாசத்துக்கு இருபது கொறையுதுக்கா."

"கொறையாம என்ன செய்யும்? உள்ள அம்புட்டும் மாவு."

பாறையைத் துளைக்கையில் எழும் வெண்பொடியை அங்கே யாரும் தூசி என்பதில்லை. மாவு என்பார்கள். அது புருவத்தில் படியும், சோற்றுத் தூக்கின் மூடியில் படியும், நெஞ்சுக்குள் படிந்தால் எழவே எழாது. முத்துமீனாவின் கணவன் கருப்பு பதினெட்டு வருஷம் அதைச் சுவாசித்தான். கடைசியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினான், சாய்ந்தபடியே செத்தான். அவன் நோயில் விழுந்தபோதுதான் இவள் சுகாதாரத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். அவளுக்கு முதலில் ஊதிக் காட்டியவன் அவன்தான்.

திட்டத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த இலவச மென்பொருளைக் கொண்டு, ஓரங்கட்டிய பழைய கம்ப்யூட்டரில், தல்லாகுளம் அலுவலகத்துத் தேவிகா கட்டிய தளம். களத்தில் இருப்பவர்கள் தெரிந்ததை எழுதுவார்கள், மற்றவர்கள் படிப்பார்கள். சாணைக் கல்லில் தண்ணீர் சொட்டவிட்டால் பொடி பறக்காது என்று அவனியாபுரம் பட்டறைக்காரர்கள் எழுதியதைப் படித்த பிறகுதான், துளைக்கும் எந்திரத்துக்கும் தண்ணீர்க் குழாய் போடலாம் என்பதே குவாரிக்குத் தெரிந்தது. முதலாளியிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

கருப்பின் சாவு பற்றித் திங்கட்கிழமை தொழிலாளர் துறை விசாரணை. அந்தத் தளத்தில் அவனைப் பற்றி உள்ள பக்கம்தான் சாட்சி. முத்துமீனா இருளாயியின் கணக்கைப் பதியக் கைபேசியைத் திறந்தாள். கருப்பின் பக்கத்தில் ஒரே ஒரு வரி மிஞ்சியிருந்தது.

'இறப்பின் காரணம்: பீடிப் பழக்கம்.'

கருப்பு பீடியைத் தொட்டதே இல்லை. "நிக்கிறதே பொகைக்குள்ள, இதுல வேற வாங்கி ஊதணுமாக்கும்" என்று சிரிப்பான்.

முதல் பேருந்தில் ஏறினாள். தல்லாகுளத்தில் இறங்கும்வரை பல்லைக் கடித்தபடியே இருந்தாள்.

அலுவலகத்தில் செயலாளர் கைலாசநாதனுக்கு எதிரே, காப்பி டம்ளரோடு குவாரி முதலாளி ராஜபாண்டி உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா மீனா. அய்யாதான் இனிமே நம்ம புரவலர்" என்றார் கைலாசநாதன்.

"எம் புருசன் எந்தக் கடையில பீடி வாங்குனான்னு அய்யாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சார்."

"கம்ப்யூட்டர் கோளாறும்மா. பழசெல்லாம் போயிருச்சு. இலவசமா வந்தது, அப்படித்தான் இருக்கும்."

ராஜபாண்டி டம்ளரை வைத்தார். "கோவப்படாத ஆத்தா. கெணத்துல விழுந்த கல்லு முங்கினது முங்கினதுதான். அத எதுக்குத் தேடுற?"

"கல்லத் தோண்டி எடுக்கத்தான மொதலாளி எங்கள வச்சிருக்கீக."

பக்கத்து அறையில் தேவிகாவின் கண்கள் சிவந்திருந்தன. "நேத்து செயலாளரே உக்காந்தார்க்கா. தூசின்னு தேடி, வந்த பக்கத்தையெல்லாம் அழிச்சார். பழைய பிரதியையும் விடல. பீடின்னு மாத்துனதுல எம் பேரு நிக்குது. என் பாஸ்வேர்டக் கேட்டு வாங்குனது இதுக்குத்தான்."

முத்துமீனா திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மாவுன்னு தேடுனாரா?"

தேவிகா நிமிர்ந்தாள்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற நகரத்துப் பெண் அவள். குவாரியைக் கண்ணால் கண்டதில்லை. 'இன்னிக்கு மாவு ஜாஸ்தி, கருப்பு ஊதினது நூத்தியெண்பது' என்று முத்துமீனாவிடமிருந்து முதல் குறிப்பு வந்தபோது, சத்துமாவு என்று நினைத்து அதைச் சத்துணவுத் தலைப்பில் போட்டுவிட்டாள். அடுத்தடுத்து வந்தவற்றையும் அங்கேயே போட்டாள். குவாரியே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. மாற்றிவிடுகிறேன் என்று அவள் கூசியபோது, "கெடக்கட்டும் பாப்பா, அதத்தான தின்னுக்கிட்டு இருக்கோம்" என்று இருளாயிதான் தடுத்தாள். விசாரணைக்காகத் தொகுத்த பக்கத்தில் மட்டும் தேவிகா தூசி என்று எழுதியிருந்தாள்.

தேவிகா சத்துணவைத் திறந்தாள். கேழ்வரகுக்கும் முருங்கைக்கும் கீழே அத்தனையும் இருந்தன. கருப்பின் பதினான்கு மாதக் காலைகள். நூற்றியெண்பது, நூற்றியெழுபது, நூற்றைம்பது. கடைசியாக அறுபது.

"பென்டிரைவ்ல ஏத்திக்கிறேன்க்கா. அவனியாபுரம் பட்டறையில ஒரு கம்ப்யூட்டர் சும்மா கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள தளம் அங்க எந்திரிச்சு நிக்கும்."

"ஒனக்கு வேல போயிருமே."

"போகட்டும். எம் பேர்ல பொய்ய எழுதிட்டு மொதலாளியோட உக்காந்து காப்பி குடிக்கிறார். அது அவர் தொண்டையில எறங்கக் கூடாதுக்கா."

அன்று மாலை குவாரி வாசலில் முத்துமீனா ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "புதுத் தளத்துல ஒங்க பேரப் போடவா?"

"இனிசியலோட போடு" என்றாள் இருளாயி. "எங்கப்பனும் இங்கதான் செத்தான்."

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முத்துமீனா ஒரு வரி சேர்த்தாள். 'மாவு யாருடையது: ராஜபாண்டி குவாரி.' நாற்பத்தொரு பேருக்கு நாற்பத்தொன்று, கருப்புக்கு ஒன்று. ஒருமுறை அடித்து மற்றவற்றில் ஒட்டிக்கொள்ளலாம் என்று தேவிகா போனில் சொன்னாள். முத்துமீனா மறுத்துவிட்டாள். கட்டைவிரல் வலிக்க வலிக்க, நாற்பத்திரண்டு முறையும் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தாள். ஒவ்வொரு முறையும் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது. போதவில்லை.

மறுநாள் விடியலில் கம்ப்ரசரை யாரும் முடுக்கவில்லை. ராஜபாண்டியின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"அந்தப் பக்கத்த அழிங்க, அப்புறம் பேசுவோம்."

"ஒங்க கல்லு மாதிரிதான் மொதலாளி" என்றாள் முத்துமீனா. "ஒண்ண ஒடைச்சா ரெண்டாகும். நேத்தே அவனியாபுரத்துல ஒண்ணு, பட்டறைக்காரக வீட்டுல ஒண்ணு. திங்கக்கெழம விசாரணைக்கு எதக் கொண்டு வரட்டும்?"

"எல்லாரையும் வெளிய அனுப்பிருவேன்."

"அனுப்புங்க. அதுக்கு முன்ன இத ஊதிட்டுப் போங்க. ஒங்க மூச்சு எம்புட்டுன்னும் பக்கத்துல எழுதணும்." குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை.

இருளாயி இடுப்பிலிருந்த வெற்றுக் குடத்தைத் துளைக்கும் எந்திரத்தின் அடியில் வைத்தாள்.

"மாவுன்னா பெசையத் தண்ணி வேணும்ல மொதலாளி. கொழாயப் போடுங்க, தொளைக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாயிற்று. இருமியபடியே ஒவ்வொருவராக வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்தை வைத்தார்கள். பாறைமேல் நாற்பத்தொரு குடங்கள் வாயைத் திறந்து வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்தார்கள்.