பதினேழும் முப்பத்தெட்டும்

பெரிய டாக்டரின் சிரிப்பை மூக்குக்குக் கீழே ஒரு வெட்டு, தாடைக்கு மேலே ஒரு வெட்டு என்று நறுக்கி எடுக்க எனக்கு நாலு நிமிஷம் ஆனது. அதற்குக் காத்திருந்தது பதினோரு வருஷம்.

படம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. யாருக்கோ நடந்த பிரிவு உபசாரம். நடுவில் அவர், தான் சொன்ன ஜோக்குக்குத் தானே வாய்விட்டுச் சிரிக்கிறார். மீசை இல்லாத ஆள். எனக்கு வசதி.

பல் சீரமைப்புப் பிரிவில் கண் பார்க்கும் கருவிக்கு நான்தான் ஆள். திரையில் ஒரு வாய் வரும். பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று கீழே இருக்கும் கேமரா பிடிக்கும். நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். பார்த்தவர் பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பது படம். அதில் ஒன்று மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை வரும். முதலில் எட்டு போட்ட வாய்க்கு மறுபடி மூன்று போட்டால் அந்த ஆளை நம்ப முடியாது என்று அர்த்தம். இந்த ஏற்பாடு பெரிய டாக்டருடையது. எந்தப் படம் இரண்டு முறை வரும் என்பதை மட்டும் என்னிடம் விட்டிருந்தார். பல் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு ஓடியவன் என்ன செய்துவிடப் போகிறான்?

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்ப்பல் வரிசையைப் பார்த்தார். "கொஞ்சம் நெருக்கல்" என்றார். எனக்கு அப்படியே அக்கா ஜாடை. அது அவர் கண்ணில் படவில்லை.

அக்காவுக்கு அப்போது பதினேழு. பல்லுக்குக் கம்பி போட முடியுமா என்று இவரிடம்தான் கேட்கப் போனோம். நாற்காலியில் உட்காரவைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அதைச் சுவரில் ஆளுயரத்துக்குப் போட்டார். சுற்றிலும் மாணவர்கள்.

"பாருங்கப்பா, கண்ணு எங்க போய் நிக்குது? ஈறுல. அதைத் தாண்டி மேல போகுதா? போகாது. பத்துக்கு மூணு. அதுவும் பொண்ணு இங்கயே உக்காந்திருக்கேன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்கு அக்காவும் சிரித்தாள். பாதியில் அவள் கை வாய்க்குப் போனது.

அது இறங்கவே இல்லை. கம்பி போட அவள் திரும்பப் போகவும் இல்லை. கல்யாண போட்டோவில் உதட்டுக்குப் பூட்டு. வேலை கால் சென்டரில். அங்கே குரல் போதும். போன வருஷம் அவள் மகள், மூன்று வயசு, சிரிக்கும்போது வாயைப் பொத்தினாள். யாரும் சொல்லித்தரவில்லை. மறுநாளே நான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

புது மாணவர்கள் முப்பது பேர் வந்த அன்று சொன்னேன்: "சார், நீங்களே உக்காந்து மார்க் போட்டுக் காட்டினா பசங்களுக்குச் சட்டுனு புரியும்."

"ஏன்டா, என் கண்ணு மேல சந்தேகமா?"

"உங்க கண்ணு மேல யாருக்கு சார் சந்தேகம்?"

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? தாடையைக் கருவியின் தாங்கியில் வைத்துக்கொண்டார். அவர் பார்ப்பது பெரிய திரையிலும் ஓடியது. ஏழு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டிருந்தது. அவர் வாயைப் பதினேழாவதாக வைத்திருந்தேன். அக்காவின் அன்றைய வயசு.

"ஐயையோ" என்றார். வகுப்பு நிமிர்ந்தது.

"வலது உதடு மாடி ஏறுது, இடது தூங்குது. கீழ்வரிசை பஸ்ல ஆளை அடைச்ச மாதிரி. இந்த மனுஷன் சிரிக்காம இருந்தா ஊருக்கு நல்லது. ரெண்டு."

சிரிப்பில் வகுப்பு அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும். மனுஷன் தன் வாயைக் கண்ணாடியில்தான் பார்க்கிறான், இடம் வலம் மாறி. அதுவும் பல் தேய்க்கும்போது. அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கும்போது தன் வாய் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முப்பத்தெட்டில் அதே படம்.

"ஆஹா, நம்ம ஆளு மறுபடி வந்துட்டாரு. என் தந்திரத்தை என்கிட்டயேவா? ரெண்டுதான். தலைகீழா நின்னாலும் அரை மார்க் ஏத்த மாட்டேன்."

நாற்பதும் முடிந்தது. "சார், அந்த ரெண்டு மார்க்குக்கு முழு முகத்தையும் போடட்டுமா?"

"போடு போடு. மூஞ்சியாவது தேறுதா பாப்போம்."

போட்டேன்.

சுவர் முழுக்க அவர். சிவப்புப் புள்ளிகள் அத்தனையும் ஈறில் ஈயாக மொய்த்திருந்தன. பின்வரிசையில் ஒருவன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அவன் வெடித்ததும் முப்பது பேரும் வெடித்தார்கள்.

பெரிய டாக்டரும் சிரிக்கப் பார்த்தார், ஜோக்கைத் தாங்கிக்கொள்ளும் பெரிய மனிதர் மாதிரி. வாய் திறந்தது. பாதியில் கை எழுந்து வந்து அதை மூடியது.

அந்தக் கையை எனக்குத் தெரியும். வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

"யார்றா நீ?" கைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

நான் பல் மொத்தமும் தெரியச் சிரித்தேன். "பதினோரு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணை இதே மாதிரி சுவத்துல மாட்டினீங்க சார். அவ தம்பி."

அவர் கண் என் முகத்தில் தேடியது. அக்காவின் முகம் அவருக்கு ஞாபகமே வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் வந்த காரியம் முடிந்திருந்தது. வேலை அன்றே போனது.

சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை போட்டான்?"

"ரெண்டு. ரெண்டு தடவையும்."

சட்டையை மறுபடி எடுத்து மடித்தாள். பிறகு, பரீட்சை முடிவு பார்த்தவள் மாதிரி, "எனக்கு மூணுடா" என்றாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பழக்கதோஷம், கை வாய்க்குப் போனது. போகட்டும். இனி அவருக்கும் போகும்.