கபேகா பெற்ற பெண்ணின் பெயர்

ஹொனலுலுவில் அன்று ஹவாய்க்காரர் வீடுகளில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. ராணியை அரியணையிலிருந்து தள்ளிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்று அரண்மனை உச்சியில் பறக்கும் கொடியையும் இறக்கிவிட்டு அமெரிக்கக் கொடியை ஏற்றப் போகிறார்கள். அந்தக் கண்றாவியை யார் போய்ப் பார்ப்பது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

நாஹினு மட்டும் கிளம்பினான். அவன் அரண்மனைப் பாண்டு குழுவில் கொம்பு ஊதுகிறவன்.

"கடைசித் தடவையாவது நம்ம நாட்டுப் பாட்ட நாமதானே வாசிக்கணும்," என்றான் மனைவி கபேகாவிடம். அவளுக்கு அப்போதே இடுப்புவலி கண்டிருந்தது.

"போங்க. வரும்போது மட்டும் வாய மூடிக்கிட்டு வாங்க."

"வாசலுக்கு வந்ததும் கையால பொத்திக்க, தம்பி," என்றாள் அவள் அக்கா கலூனா. "உன் வாய் ஊரறிஞ்ச வாய்."

விஷயம் இதுதான். அந்த அக்கா தங்கையின் வம்சத்தில், பிள்ளை வெளியே வந்ததும் வீட்டில் எந்தச் சொல் முதலில் விழுகிறதோ அதுதான் பெயர். மாற்றினால் பிள்ளை தங்காது. 'ஹயேகூ', அதாவது கொடி நிற்கிறது, என்ற பெயரைக் கபேகா மாதக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்தாள். அதை முந்திச் சொல்லத்தான் கலூனா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அரண்மனை வாசலில் பாட்டு பாதியில் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊதுகிறவர்களுக்கு மூச்சு வரவில்லை, அவ்வளவுதான். கொடி சரசரவென்று இறங்கியது. காயப்போட்ட துணியை எடுப்பதுபோல் இரண்டு பேர் அதைச் சுருட்டினார்கள். ஒரு ராஜ்ஜியம் போவது இவ்வளவு லேசா என்று நாஹினுவுக்குத் தலை கிறுகிறுத்தது. கொம்பைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினான். எந்தத் தெரு வழியாக வந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். பிள்ளை அப்போதுதான் கலூனாவின் கையில் வந்து விழுந்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திவிட்டான்.

"ஹயேயிஹோ."

கொடி இறங்கிவிட்டது.

பெண் குழந்தை வீறிட்டது. கலூனா அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அடப்பாவி, என்னடா சொல்லித் தொலைச்ச?"

நாஹினு சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "நான் பேரு சொல்லல அக்கா. நடந்ததச் சொன்னேன்."

கபேகா படுத்தபடியே கையை நீட்டினாள்.

"கொண்டா இங்க. அதுவே இருக்கட்டும். இவளக் கூப்பிடுறவன் ஒவ்வொருத்தனும் அதச் சொல்லித்தான் கூப்பிடணும்."

சுமார் அறுபது வருஷம் கழித்து, தீவுகள் அமெரிக்காவின் ஒரு மாநிலமாகலாமா என்று ஓட்டெடுப்பு வந்தது. சாவடியில் இருந்த வெள்ளைக்கார அலுவலருக்குத் தீவுப் பாஷை தெரியாது. ஓட்டுப் போட வந்திருந்த, இப்போது கிழவியாகிவிட்ட கபேகாவின் மகள் பெயரை உரக்கப் படித்தார்.

"ஹயேயிஹோ."

வரிசையில் இருந்த ஹவாய்க் கிழடுகளின் பேச்சு சட்டென்று நின்றது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.