நாத்தனார் செய்த நகம்

பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு மாற்றல் வந்த அன்று காலையில் அந்த நர்ஸ் தன் வலது கை ஆள்காட்டி விரல் நகத்தை வெட்டினாள். மற்ற ஒன்பது நகங்களும் எப்போதும் ஒட்ட வெட்டியபடிதான் இருக்கும். இந்த ஒன்றை மட்டும் நான்கு வருடமாகக் கண்ணுங்கருத்துமாக வளர்த்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும், பட்டன் போடும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் அந்த விரல் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலையில் இருந்தவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற குழந்தைகளைத் தூக்குகிற இடத்தில் அது செல்லுமா?

ஹெட் நர்ஸ் சுருக்கமாகப் பேசுகிறவர். விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நகமா, வார்டா சிஸ்டர்?"

"வார்டுதான் மேடம்."

கழிவறைக்குப் போய்ச் சின்னக் கத்தரிக்கோலால் பதமாக வெட்டினாள். பிறை மாதிரி ஒரே துண்டாக வந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. காலி மாத்திரை டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து, அதன்மேல் அதைக் கிடத்தி மூடினாள்.

அந்த நகத்தால்தான் அவள் கிதார் வாசித்தாள். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. விரல் போன போக்கில் வாசித்து, அந்த ஒற்றை நகத்தால் தந்திகளை மேலும் கீழுமாக வருடி, அதிலேயே தனக்கென்று ஒரு நாதம் பிடித்துவைத்திருந்தாள். அன்று மாலை வீட்டில் கிதாரை எடுத்து மடியில் வைத்தாள். வெறும் சதை தந்தியில் பட்டதும் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலக் கேட்டது.

"என்னாச்சு, தந்தி தளர்ந்துடுச்சா?" என்று கேட்டபடி வந்தான் அவள் கணவன். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். காலை ஷிப்ட் முடித்துவிட்டுக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"தந்தி இல்லீங்க, நான்தான் தளர்ந்துட்டேன்" என்று விரலைக் காட்டினாள்.

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த விரலைப் பார்த்தான். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி தலையை ஆட்டினான். "அதுக்கென்ன, கடையில பிக்கு விக்கிறான்ல?" என்றான் கடைசியில்.

விற்கத்தான் விற்றார்கள். கிதார் மீட்டுகிற அந்தச் சின்ன முக்கோணத் தகட்டில் இத்தனை ரகம் உண்டு என்பதே கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மெல்லிசு, நடுத்தரம், தடிமன், மரம், தோல், உலோகம். பதினோரு பிக்குகளை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். மெல்லிசு தந்தியில் பட்டதும் சீட்டுக்கட்டு கலைக்கிற சத்தம் கேட்டது. தடிமன் 'டக் டக்' என்று கதவைத் தட்டியது. தோல் ஊமையாகிவிட்டது. உலோகம் அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். போதாததற்கு எதையுமே அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு வரி வாசிப்பதற்குள் பிக் நழுவிக் கிதாரின் வயிற்றுக்குள் விழும். அவள் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவாள். அவன் கீழே உட்கார்ந்து கையேந்துவான்.

பிறகு அவனே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டான். காலாவதியான அடையாள அட்டை, ஷாம்பூ புட்டியின் பக்கவாட்டு, தயிர் டப்பா மூடி, உடைந்த சீப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டித் தேய்த்துக் கொண்டுவந்து நீட்டினான். தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைக்கூட அறுக்கப் பார்த்தான். ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நகம் மாதிரி இல்ல."

இதற்கிடையில் வார்டில் ஒரு காரியம் நடந்தது. குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, அவர்களைப் பெற்றவர்கள் பக்கத்து அறையில் காத்திருப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொடுப்பார்கள். மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசினால் கண்ணீர் வந்துவிடும் என்று பேசவும் மாட்டார்கள். ஒருநாள் மதியம் ஹெட் நர்ஸ் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க கிதார் வாசிப்பீங்களாமே. அந்த அம்மாங்களுக்குக் கொஞ்சம் வாசிக்கலாமா?"

அவள் தலையாட்டுவதற்குள் ஹெட் நர்ஸ் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு, சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தைங்க தூங்குது. வெடுக்குனு ஒரு சத்தம் வரக்கூடாது. ரெண்டு, உள்ள வர்ற எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவணும். மரம், தோலு இதெல்லாம் ஆகாது. அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு மணி."

வீட்டுக்கு வந்து அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நகத்தைப் பறித்தவரே நகத்தின் நாதத்தைக் கேட்கிறார்! அதுவும் கழுவக்கூடிய நகம்!

அவன் எதையோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கினான். என்ன சொல்ல வந்தான் என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய அக்கா பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். தேய்க்கவும் அறுக்கவும் அச்செடுக்கவும் அவளிடம் இல்லாத கருவி இல்லை. ஆனால் அந்த வாசலை மிதிக்க இவளுக்கு மனமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, கேட்டார்களே என்று கிதார் வாசித்தாள். மூன்றாவது பாட்டின் நடுவில் நாத்தனார் எழுந்து சமையலறைக்குப் போய், "தலைவலி மாத்திரை இருக்கா?" என்று கேட்டது முன்னறை வரை காதில் விழுந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் 'நல்லா இருக்கீங்களா', 'நல்லா இருக்கேன்' என்பதற்குமேல் பேச்சில்லை.

மறுநாள் மாத்திரை டப்பாவைக் காணோம். அலமாரியைக் குடைந்தாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். அப்போது போன் அடித்தது. நாத்தனார்.

"உன் நகம் எங்கிட்ட இருக்கு" என்றாள் எடுத்த எடுப்பில். ஆளைக் கடத்தியவர்கள் பேசுகிற தொனி. "தம்பி கொண்டுவந்து குடுத்தான். விரலும் வேணும். நாளைக்கு நாலு மணிக்கு வந்துடு."

அவள் கணவனைப் பார்த்த பார்வையில் அவன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்குப் போய்விட்டான். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. மறுநாள் நான்கு மணிக்குக் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறை இரண்டு அறைகள்தான். ஜன்னலோரம் நீள மேஜை. அதன்மேல் மெழுகுக் கட்டிகள், வளைந்த கத்திகள், வெள்ளை பிளாஸ்டரில் வார்த்த யார் யாருடைய வாய்களோ வரிசையாகத் திறந்தபடி. மூலையில் பாலிஷ் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதை நிறுத்திவிட்டு, நெற்றியில் ஏற்றியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். நலம் விசாரிக்கவில்லை.

"நீ கிதாரைக் கொஞ்சம் சாய்ச்சுத்தான் பிடிப்பே. சரியா?"

"எப்படி அண்ணி தெரியும்?"

"நகம் ஒரு பக்கம் சாய்வா தேஞ்சிருக்கு. பல்லைப் பார்த்தே ஒருத்தர் எந்தப் பக்கம் மெல்றாருன்னு சொல்லுவேன், இது என்ன பெரிசு. கைய நீட்டு."

சில்லென்ற பசையில் விரலை அமுக்கி அச்செடுத்தாள். நகத்தைச் சாமணத்தால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பார்த்தா ஒரே தகடு மாதிரி இருக்கு. ஆனா மேல கெட்டி, அடியில மெத்து. கடைக்காரன் பிக்குல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அதான் டக்குனு அடிக்குது."

நான்கு வாரமாக அவள் வாயால் விளக்க முடியாமல் தவித்ததை இந்த மனுஷி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முதலில் வந்தது ஈறு நிறத்தில் ஒன்று. பல் செட்டுக்கு ஈறு வார்க்கிற தூள்தான் கைவசம் இருந்ததாம். விரலில் மாட்டி வாசித்தால் தட்டில் கரண்டி விழுகிற சத்தம். இரண்டாவதை மெல்லியதாகத் தேய்த்தார்கள். அதை மாட்டி நாலு முறை தந்தியைத் தட்டியதும் பட்டென்று முறிந்து பறந்து, பிளாஸ்டர் வாய் ஒன்றுக்குள் போய் விழுந்தது. "பாரு, அந்தாளுக்குப் பசி" என்றாள் நாத்தனார். இவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தே விட்டாள்.

அடுத்த நாளும் போனாள். மூன்றாவதில் மேலே பல் நிறத்துக் கெட்டிப் பொருள், அடியில் ஈறு வலிக்காமலிருக்கப் பூசுகிற மெத்தென்ற பூச்சு. தொப்பி மாதிரி விரல் நுனியை மூடியது. நழுவவில்லை. சத்தமும் பரவாயில்லை. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. இவள் வாசிக்க வாசிக்க நாத்தனார் விரலையே உற்றுப் பார்த்தாள்.

"நிறுத்து. இடது கையால வாசிச்சுக் காட்டு. ஒட்ட வெட்டினாலும் அந்தக் கையில நகம் துளி முளைச்சிருக்குல்ல? மெதுவா. இன்னும் மெதுவா." பூதக்கண்ணாடியோடு தந்திமேல் குனிந்தாள். "முதல்ல என்ன படுது?"

இவள் ஒரு தந்தியை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். "சதை அண்ணி! முதல்ல சதை படுது. அப்புறம்தான் நகம்."

"நான் உன் சதைய மூடிட்டேன். மடச்சி நான்."

அவ்வளவுதான். நாத்தனார் தொப்பியின் அடிப்பக்கத்தை ஜன்னல் மாதிரி அறுத்து எடுத்தாள். விரல் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அதற்குமேல் பிறை அளவுக்கு மட்டும் நகம் நீண்டது. நுனியைச் சாய்வாகத் தேய்த்தாள், மெஷினில் காட்டினாள், உதட்டில் வைத்துப் பார்த்தாள். பிசிறு உதட்டுக்குத்தான் முதலில் தெரியுமாம்.

மாட்டிக்கொண்டு இவள் தந்திகளை ஒருமுறை வருடினாள். கை நின்றுவிட்டது. மறுபடி வருடினாள். அதேதான். சதையின் கதகதப்பு முதலில், அதைத் தொட்டாற்போல நகத்தின் தெளிவு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அழாத. பூச்சு இன்னும் காயல" என்றாள் நாத்தனார். "முழுப் பாட்டு வாசி."

வாசித்தாள். பாட்டு முடிந்ததும், இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது தானாகவே வாய்க்கு வந்துவிட்டது.

"இன்னிக்கு மாத்திரை வேணாமா அண்ணி?"

நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அதையா இவ்வளவு நாளா வச்சிட்டிருக்கே? நாள் பூரா இந்த மெஷின் காதுல கத்துது. அன்னிக்கு மண்டை பிளந்துச்சும்மா. நெஜமாவே தலைவலி."

"அப்போ என் வாசிப்பு..."

"அதுவும் கொஞ்சம் மோசம்தான். பொய் சொல்வேனா?"

ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. கணவன் ஷிப்ட் முடிந்து பயந்து பயந்து பட்டறைக்குள் எட்டிப் பார்த்தபோது, இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சண்டையா சமாதானமா என்று தெரியாமல் அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

வெள்ளிக்கிழமை ஹெட் நர்ஸ் அந்தப் புது நகத்தைத் தானே வாங்கிச் சோப்பில் கழுவி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாற்காலிகளில் ஒன்பது அம்மாக்கள். நாத்தனாரும் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாட்டுக்கு யாரும் நிமிரவில்லை. இரண்டாவதில் ஜன்னலோரம் இருந்த பெண் தலையைச் சுவரில் சாய்த்து, இரண்டே நிமிடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். இருபது நாளாக அவள் சரியாகத் தூங்கியதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவள் ஓசைப்படாமல் தன் சால்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினாள். அவளுக்கு அடுத்தவள், "உங்க குழந்தை எத்தனை கிராம்?" என்று மெல்லக் கேட்டாள். ஒரு பதில் வந்தது, பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது பாட்டில் அறை முழுக்கக் கிசுகிசுப்பு. இப்படித் தன் வாசிப்பின்மேல் ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததற்காக அவள் ஒருநாளும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஹெட் நர்ஸ் சுவருக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணுகூட முழிக்கல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வச்சுக்கலாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அளவில் அது பெரிய சொற்பொழிவு.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, இவள் கேட்காமலேயே நாத்தனார் சொன்னாள். "கீழ இருக்கிற மெல்லிசு தந்தி ரெண்டும் அருமை. மேல, அந்தத் தடிச்ச தந்தி இருக்கே, அதை வெறும் கட்டைவிரலால தட்றியே, அது மட்டும் மொத்துனு கேக்குது."

"அப்படியா அண்ணி?"

"ஆமா. கட்டைவிரலைக் காட்டு."

இவள் காட்டினாள். பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க, நேரமாகுது" என்றான். நாத்தனார் அவள் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியேறினாள். விரலை விடாததால் இவளும் கிதாரோடு பக்கவாட்டில் இழுபட்டபடி ஏற வேண்டியதாயிற்று.