ஏழு முறை தாண்டியவள்

காற்று பலமாக இருந்ததால் அன்று பலூன் சவாரி ரத்தாகிவிட்டது. அதனால் கெய்ரோவிலிருந்து வந்த பன்னிரண்டு சுற்றுலாப் பயணிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே நைல் நதியின் மேற்குக் கரையில், ராஜா உட்கார்ந்திருக்கும் இரட்டைச் சிலைகளுக்கு வந்துவிட்டேன்.

நான் லக்சரில் பதினோரு வருடமாக வழிகாட்டி. எகிப்தின் தெற்கத்தியான். கெய்ரோக்காரர்களைக் கையில் போட்டுக்கொள்ள ஒரே வழி, தெற்கத்தி ஆட்களை முட்டாளாக்கும் நகைச்சுவைதான். எங்கள் ஊர் மானத்தை விற்றுத்தான் சிரிப்பு வாங்குவேன். அதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை.

சிலைகளுக்குப் பின்னால், கரும்பு வயலோரம் ஓர் உடைந்த கல் விழுந்து கிடக்கிறது. அதையும் ஏதோ ராஜாவின் தோள் என்பார்கள். கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண், தலை குனிந்து, முக்காடு முகத்தை மறைக்க, அதை இப்படியும் அப்படியுமாகத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளை என்ன பண்றா?" என்றார் நெர்மீன் மேடம். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். குரலும் அப்படித்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பிள்ளை வரம் கேக்குறா மேடம். கல்லை ஏழு தடவை தாண்டுனா வயித்துல தங்குமாம். எங்க ஆளுங்களுக்கு டாக்டர்னா பயம், கல்லுன்னா நம்பிக்கை. மூவாயிரம் வருஷமா உக்காந்த இடத்தைவிட்டு அசையாத ராஜா, இவளுக்காகவா எந்திரிச்சு வரப்போறாரு?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கைபேசிகள் உயர்ந்தன. "அஞ்சு... ஆறு..." என்று சத்தமாக எண்ணினார்கள். ஏழுக்குக் கை தட்டினார்கள். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

இன்ஸாஃப். என் மனைவி.

வண்டிகள் வருவதற்குள் போய்விடலாம் என்று நினைத்திருப்பாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, கணவரை அழைத்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லியே இரண்டு வருடமாகிறது. 'சீசன் முடியட்டும்' என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். டாக்டரிடம் போகப் பயந்தவன் நான்.

சாலைக்குப் போக அவள் எங்களைக் கடந்துதான் ஆகவேண்டும். 'இவள் என் மனைவி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை கைபேசியும் கீழே இறங்கியிருக்கும். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

நெர்மீன் மேடம் அவளை வழிமறித்தார். "ஏம்மா, தப்பா நினைக்காத. குறை உனக்கா, உன் வீட்டுக்காரனுக்கா?"

"எனக்குத்தான் மேடம்," என்றாள் இன்ஸாஃப். "அவருக்கு ஒரு குறையும் இல்ல. தங்கமான மனுஷன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் வழி விடுங்க சார்," என்றாள்.

விலகி நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"பாவம், இவ இங்க கல்லைத் தாண்டிக்கிட்டு கிடக்கா," என்றார் மேடம். "அந்த மகராசன் எங்க காலாட்டிக்கிட்டு டீ குடிக்கிறானோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்ஸாஃப் அப்போது பத்தடி தூரம்கூடப் போயிருக்கவில்லை.