துடியா கீறாரு

"ஆஹில்" என்று ஸ்பானிஷில் சுறுசுறுப்பைக் குறிக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் "அஜைல்" என்று போட்டால் வேலை முடிந்தது. சங்கமித்ரா போட்டும்விட்டாள். மேலாளர் காஜா மொய்தீன்தான் அதை மாற்றச் சொன்னார்.

"அஜைல்னா பாராட்டற மாதிரி கீதும்மா. ரெக்லெஸ்னு போடு. மூணு மணிக்குள்ள விசாரணை அதிகாரிக்குப் போவணும்."

ராயபுரத்தின் அந்தக் கப்பல் ஏஜென்சியில் ஸ்பானிஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவளும் அவள் ஒருத்திதான். பொய் எழுதவா வாங்கினாள்?

விபத்து நடந்த கப்பலின் கேப்டன் ஸ்பானிஷில் எழுதிய பதிவேட்டில் திங்கட்கிழமைக் குறிப்பு தெளிவாக இருந்தது. கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் தொழிலாளி பீம்ராவ் ஆஹிலான ஆளாக இருந்தார், ஏணிப்படி உடைந்தது, விழுந்து இறந்தார். கவனமில்லாதவர் என்னும்படி ரெக்லெஸ் என்று மாற்றினால் படி உடைந்த பழியும் செத்தவர் தலையில்.

"படி உடைஞ்சதுன்னு கப்பல்காரனே எழுதிக்கிறான். நீங்க இன்னாத்துக்கு சார் முட்டு குடுக்கறீங்கோ?"

"நாலு எழுத்து படிச்சா வாய் இம்மாம் நீளுது. டீ குட்சிட்டு வரேன். மாத்தி வை."

அவர் போனதும் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். செவ்வாய்: "அதே ஆள் ஏணியில். ஆஹிலாக இருக்கிறான்."

அவள் கை நின்றது. ஸ்பானிஷில் இருப்பதைச் சொல்ல இரண்டு வினைகள். பிறவிக் குணத்துக்கு ஒன்று, இந்த நேரத்து நிலைக்கு இன்னொன்று. திங்களன்று கேப்டன் முதலாவதை இறந்தகாலத்தில் எழுதியிருந்தார். செவ்வாயன்று இரண்டாவதை, நிகழ்காலத்தில். புதனன்றும் அப்படியே: "இன்றும் ஏறுகிறான். நேற்றைவிட ஆஹிலாக. ஏணிப் பக்கம் போக என் ஆட்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை." குடித்துவிட்டு எழுதிய கையெழுத்தாகத் தெரியவில்லை.

நடைக்கூடத்து பெஞ்சில் பீம்ராவின் மனைவி ரமாபாய் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். சங்கமித்ரா எழுந்து போனாள்.

"அக்கா, அவரு ஏணி ஏறச்சொல்ல எப்டி? குதிப்பாரா?"

"குதிக்கறதா? காலு வைக்கற சத்தமே கேக்காதும்மா. துடியான ஆளு."

"அப்டி இருந்தாரா."

"இருந்தாரா இன்னா? இப்பவும் துடியாதான் கீறாரு. மூணு நாளா வூட்டு வாசப்படி வரிக்கும் வந்துகினு கீறாரு. உள்ள வரமாட்டேன்றாரு. ஆபீஸ்ல இன்னா எழுதிக்கிறாங்கோன்னு பாத்துனு வான்றாரு."

ரேஷன் கடைச் செய்தி சொல்வது போலத்தான் சொன்னாள்.

சங்கமித்ரா உள்ளே போனாள். இருக்கைக்குத் திரும்பி மூன்று பக்கத்தையும் உள்ளது உள்ளபடி அடித்தாள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு வினைக்கும் ஒரே "இஸ்"தான். செவ்வாய், புதன் குறிப்புகளில் அதன் அருகே "நவ்" என்று சேர்த்தாள். இப்போது. தன் பெயரைப் போட்டு அதிகாரிக்கு அனுப்பினாள். வேலை போனால் போகட்டும். மறுபடி நடைக்கூடத்துக்கு வந்தாள்.

"அனுப்பிட்டேன் அக்கா. படிதான் உடைஞ்சது. கேப்டன் எழுதினதை அப்டியே போட்டுட்டேன், அவரு மேல தப்பு இல்ல."

ரமாபாய் பெஞ்சின் காலி ஓரத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னாய்யா, கேட்டுக்கினியா?"