எட்டாவது சுற்றுப் பிள்ளைகள்

பயிற்சியாளர் லென் ஹுடாக்கின் அணிச் சட்டையில் முதுகுப் பக்கம் 'பெட்ராக் இறுதிச் சடங்கு இல்லம்' என்று எழுதியிருக்கும். சட்டைக்குக் காசு கொடுத்தவர் பெட்ராக். அவர் செய்யும் தொழில் அது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? இருந்தாலும் மூன்று வருடமாகக் கடைசி இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அணிக்கு அந்த வாசகம் கொஞ்சம் அதிகம்தான். எதிரணிப் பிள்ளைகள் மைதானத்துக்குள் வரும்போதே, "இன்னைக்கு யாருக்குக் காரியம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள்.

பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில் மில்ஃபோர்க் என்கிற ஊர். அங்கே எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து கையால் எறிந்து பிடிப்பது; ஆனால் தொலைக்காட்சியில் பெரியவர்கள் முட்டி மோதி எலும்பை உடைத்துக்கொள்ளும் ஆட்டம் இல்லை. இடுப்பில் ஒரு நாடா தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் நாடாவை உருவிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தானே என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் யாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர முடியாது. அங்கே அதுதான் வாழ்க்கை. ஆலை மூடிய பிறகு மிச்சமிருப்பதும் அதுதான்.

ஆகஸ்ட் கடைசியில் பிள்ளைகளை ஓடவிட்டு, பந்து பிடிக்கவிட்டு மதிப்பெண் போடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு பயிற்சியாளர்களும் உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஆளுக்கொரு பிள்ளையாக எட்டுச் சுற்றில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் கடைசியில் வந்தவனுக்கு முதல் முறை, அதாவது முதலில் எடுக்கும் உரிமை. பயிற்சியாளரின் சொந்தப் பிள்ளை அவனுக்கே. அதை யாரும் தொட முடியாது. ஆனால் சும்மாவும் வராது. அந்தப் பிள்ளை எந்தச் சுற்றுக்குத் தேறும் என்று மற்றவர்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள். முதல் சுற்று என்று முடிவானால், அப்பனுக்கு முதல் சுற்றில் வேறு பிள்ளை கிடையாது. எட்டாவது என்றால் எட்டாவதில் கிடையாது.

இந்த விதியை வைத்துத்தான் வேட் கெஸ்லர் மூன்று வருடமும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். வேட் கூரை போடுகிறவன்; வாயாடி; சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவன் மகன் ப்ரோடி ஒவ்வொரு ஆகஸ்டிலும் பந்து பிடிக்கத் தெரியாமல் நிற்பான், ஓடும்போது காலை இழுப்பான். 'எட்டாவது சுற்று' என்று எழுதுவார்கள். செப்டம்பர் பிறந்ததும் அதே பையன் பருந்து மாதிரி பறந்து பந்தைப் பறிப்பான். கேட்டால், "வளர்ற பிள்ளைய்யா, திடீர்னு வந்துடும்" என்பான் வேட். ஆக, மற்றவர்களுக்கு முதல் சுற்றுப் பிள்ளை ஒன்று என்றால் வேட்டுக்கு இரண்டு.

ஜெயிக்கிறவன் செய்வதுதான் சரி என்று ஊருக்குத் தோன்ற எத்தனை நாள் ஆகும்? போன வருடம் இன்னொரு பயிற்சியாளரான தபால்காரர் பாப் யானிக்கின் இரட்டைப் பையன்கள் மதிப்பெண் நாளன்று இரண்டு அளவு பெரிய காலணியோடு வந்து தபதபவென்று ஓடினார்கள். லென் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் உத்தமன் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவன் மகள் டெஸ்ஸா நிஜமாகவே மெதுவாகத்தான் ஓடினாள். மறைக்க ஒன்றும் இல்லை.

இந்தக் கோடையில்தான் அது மாறியது. லென் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்கு டெஸ்ஸா பேருந்துக் கொட்டகைக்கு வருவாள். முதல் பேருந்திலிருந்து கடைசிப் பேருந்து வரை ஓடுவாள். லென் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஜூனில் ஒரு கடமைக்குப் பார்த்தான். ஜூலையில் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டான். ஆகஸ்டில், கையில் கிரீஸோடு, வாயைத் திறந்தபடி நின்றான். அவளுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது: மதிப்பெண் நாளன்று ஊரே பார்க்க ஓட வேண்டும். அதைப் பற்றி வீட்டில் பேசாத நாள் இல்லை.

அதே கோடையில்தான் ஃப்ளோரிடாவிலிருந்து ஜமார் என்று ஒரு பையன் குடிவந்தான். அவன் பந்தை எறிவதைப் பார்த்த லென்னுக்கு இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜமார் எறிய, டெஸ்ஸா ஓடிப் பிடிக்க... முதல் முறை லென்னுடையது. டெஸ்ஸா எட்டாவது சுற்றில் வந்தால் இரண்டு பேருமே அவன் கையில்.

மதிப்பெண் நாளன்று வண்டியில் போகும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"டெஸ்ஸா, இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா ஓடுறியா?"

"ஏன்ப்பா? கால் நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கு. அதனாலதான் சொல்றேன்." ஜமாரைப் பற்றியும் வேட்டைப் பற்றியும் விளக்கினான். கோப்பையைப் பற்றியும் சொன்னான்.

அவள் புதுக் காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு மெதுவா?"

"போன வருஷம் மாதிரி."

"போன வருஷம் நான் முழு வேகத்துல ஓடினேன்ப்பா."

வண்டி நிறுத்துமிடம் வந்துவிட்டது லென்னுக்கு நல்லதாகப் போயிற்று.

டெஸ்ஸா எதையும் அரைகுறையாகச் செய்கிற பிள்ளை இல்லை. பந்தை மார்பில் வாங்கி நழுவவிட்டாள். தோளை ஆட்டி ஆட்டி ஓடினாள். கோட்டை நெருங்கும்போது கால் பின்னிக் குப்புற விழுந்தாள். முழங்கால் இரண்டும் உரிந்துவிட்டன. வேலிக்கு வெளியே பெரியவர்களே சிரித்தார்கள். "காரியம் முடிஞ்சுது" என்று ஒரு பையன் கத்தினான். வேட் கைதட்டி, "பரவாயில்ல பாப்பா, நல்ல முயற்சி" என்றான். பிறகு லென்னைப் பார்த்துக் கண்ணடித்தான், கூட்டாளியைப் பார்ப்பது போல.

வண்டியில் ஏறியதும் டெஸ்ஸா கேட்டாள். "சரியா பண்ணினேனா?"

"பிரமாதம்" என்றான் லென். சொன்ன வாய் கசந்தது. மனைவி கிறிஸ்டினிடம், மைதானத்தில் ஈரம், வழுக்கிவிட்டது என்று சொல்லி வைத்தான். உண்மையைச் சொன்னால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை டிராஃப்ட் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில். முன்கூடத்தில் வழக்கம்போல் மீன் வறுவலும், வெங்காயம் வதக்கிப் போட்ட பியரோகிக் கொழுக்கட்டையும். டெஸ்ஸாவும் ப்ரோடியும் அங்கே ஒரு மூலையில் காகிதத் துடைப்பானை உருட்டிப் பந்தாக்கி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் தொடங்குமுன் காபி எடுக்க வந்த லென்னின் காதில் அவர்கள் பேச்சு விழுந்தது.

"நீ எத்தனாவது சுத்து வருவே?" என்று கேட்டான் ப்ரோடி.

"எட்டுன்னு நினைக்கிறேன். நீ?"

"நான் எப்பவும் எட்டுதான். அப்பா உள்ள போய் என்னைப் பத்தி சொல்வாரு. கண்ணு தெரியாது, பயந்தாங்கொள்ளி, அது இதுன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஒரு தடவை கதவு பக்கத்துல நின்னு கேட்டேன்."

"பொய்தானே."

"பொய்தான், எனக்குத் தெரியும்." ப்ரோடி காகிதப் பந்தைக் கைக்குள் நசுக்கினான். "ஆனா ரொம்ப நல்லா சொல்வாரு."

டெஸ்ஸா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எங்கப்பா என்னைப் பத்தி அப்படியெல்லாம் பேச மாட்டாரு."

லென் காபியை ஊற்றாமலே உள்ளே போனான்.

பின்னறையில் டொலோரஸ் தலைமை. எழுபது தாண்டியவள். ஊரில் பாதிப் பேருக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறியவள் என்பதால் யாரையும் பெயர் சொல்லி அதட்டுவாள். "உட்காருங்க கண்ணுங்களா. முதல்ல கோச்சுங்க பெத்த பிள்ளைங்க. வேட், உன் பையனைச் சொல்லு."

வேட் எழுந்து நின்றான். நாடகம் தொடங்கியது. "என்னத்தச் சொல்ல டொலோரஸ்? பந்து வந்தா கண்ணை மூடிக்கிறான். நேத்து எங்க வீட்டு நாய் துரத்திச்சுன்னு மேசை மேல ஏறிட்டான். நாய்க்கு வயசு பதினாலு. அதுக்குப் பல்லே இல்ல." பாப் யானிக் மேசையைத் தட்டிச் சிரித்தார். டொலோரஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் எட்டு என்று கை தூக்கினார்கள். நல்லாத்தான் சொல்கிறான் என்று லென் நினைத்துக்கொண்டான்.

"அடுத்தது டெஸ்ஸா ஹுடாக். பாவம், விழுந்து வாரிடுச்சு பிள்ளை. மார்க்கும் கடைசி. எட்டாவதுதானே எல்லாரும்?"

பாப் தலையாட்டினார். வேட் தலையாட்டினான். நான்காவது ஆளும் ஆட்டினான். லென் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். ஜமார் அவனுக்கு, டெஸ்ஸா அவனுக்கு, ஒருவேளை கோப்பையும் அவனுக்கு. மூன்று வருடமாக அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேலி வாங்குகிற அணிக்கு ஒரு கோப்பை வாங்கித் தர அவனுக்கும் ஆசைதான்.

"முதல் சுத்து" என்றான்.

டொலோரஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்ன சொன்னே?"

"டெஸ்ஸா முதல் சுத்து. என்னோட முதல் முறையில அவளையே எடுத்துக்கறேன்."

"யோவ் லென்," என்றார் பாப், "நாங்க உனக்கு எட்டாவதுல தர்றோம்யா. காது கேக்கலையா?"

"கேட்டுது. அவளை மெதுவா ஓடச் சொன்னது நான்தான். நான் சொன்னேன்னுதான் விழுந்தா. இந்த ஊர்ல அவளை விட வேகமா ஓடற பிள்ளை கிடையாது. எங்கூட பஸ் ஷெட்டுக்கு வாங்க, காட்டறேன்." குரல் உடைந்தது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை. "எட்டாவது இல்ல அவ. எம் பொண்ணு எட்டாவது இல்ல."

பாப் தன் பையன்களின் காலணி ஞாபகம் வந்தவர் போல மேசைக்கடியில் பார்த்தார். வேட் மட்டும், "பைத்தியம்யா நீ" என்றான். ஆனால் கூடவே வரும் வழக்கமான சிரிப்பு வரவில்லை. டொலோரஸ் முதல் வரியில் டெஸ்ஸாவின் பெயரை எழுதினாள். அடுத்த முறையில் பாப் ஜமாரை எடுத்துக்கொண்டார், வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டெஸ்ஸா வண்டியில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "ஜமார் கிடைச்சானா?"

"இல்ல. பாப் எடுத்துட்டாரு."

"ஏன்? நமக்குத்தானே முதல் முறை?"

"முதல் சுத்துல உன்னை எடுத்துட்டேன்."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். முழங்காலில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "என்னப்பா பண்ணிட்டீங்க? நான் அவ்வளவு நல்லா விழுந்தேனே. எட்டாவதுல சும்மாவே வந்திருப்பேன்ல?"

"வந்திருப்பே."

"அப்ப வீணாத்தான் விழுந்தேனா?"

"ஆமாம்மா. வீணாத்தான். விழச் சொன்னது என் தப்பு." லென் சாவியைப் போட்டான், திருகவில்லை. "உன்னை எட்டாவதுன்னு எல்லாரும் சொன்னாங்க. என்னால கேட்டுட்டு இருக்க முடியல. எனக்கு நீதான் முதல்ல. எந்தக் கோப்பைக்கும் அதை மாத்திச் சொல்ல முடியல."

டெஸ்ஸா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் தீரவில்லை என்று நினைத்து லென் சாவியைத் திருகப் போனான். அப்போது அவள் சின்னக் குரலில் கேட்டாள். "முதல் சுத்துலயா? இல்ல, முதல் பேரேவா?"

"முதல் பேரே."

"ஜமாருக்கும் முன்னாடியா?"

"எல்லாருக்கும் முன்னாடி. ஊருக்கே முதல் பேரு."

"சத்தமா சொன்னீங்களா?"

"கொஞ்சம் அழுதும் தொலைச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நாம இந்த வருஷமும் தோத்துடுவோம்ப்பா" என்றாள், சிரித்துக்கொண்டே. பிறகு சன்னல் கண்ணாடியை இறக்கினாள். எதிரே வேட்டின் வண்டிப் பக்கத்தில் ப்ரோடி நின்றுகொண்டிருந்தான். வேட் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"ப்ரோடி, நான் முதல் சுத்து. எங்கப்பா என்னை முதல்ல எடுத்துட்டாரு."

ப்ரோடி அதைக் கேட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டான். எப்போதும் போல இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, எட்டு விரல்களை விரித்துக் காட்டினான். "நான் எட்டு" என்று கத்தினான்.

வேட் திரும்பிப் பார்த்தான். தூக்கிய கைகளையும் அந்தச் சிரிப்பையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மகனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினான். இறக்கிய பிறகும் விடவில்லை. ப்ரோடி ஏன் என்று புரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.